ஏழு நிமிடப் படம், ஒரு மாதப் பாடம்: மலையகத்தில் ஸ்பானிஷ் கற்பிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை நானுஓயா ரயில் நிலையத்தில் அரை மணிநேரம் நின்று பாருங்கள். எல்ல பக்கம் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டுக் கூட்டத்தில் ஸ்பானிஷ் பேச்சு காதில் விழாமல் போகாது. ஸ்பெயினில் ஆகஸ்ட்தான் விடுமுறை மாதம். குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கும் தடுமாற்றம், நமக்கும் தடுமாற்றம். இந்த இரண்டு தடுமாற்றங்களும் ஒரு முச்சக்கர வண்டிக் கட்டணத்தை வைத்து மல்லுக்கட்டுவதைப் பார்த்த பிறகுதான் நான் வகுப்பு நடத்த முடிவு செய்தேன்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் நடக்கிறது வகுப்பு. வண்டி ஓட்டுகிறவர்கள், நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் இளைஞர்கள், நுவரெலியா ஹோட்டல்களில் வரவேற்பு மேசையில் நிற்கும் பெண்கள், சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். பாடப்புத்தகம் வைத்துத் தொடங்கியபோது மூன்றாவது வாரத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். படம் காட்டத் தொடங்கிய பிறகு நின்றவர்களும் திரும்பி வந்தார்கள். ஸ்பானிஷ் ஓரளவு தெரிந்து, அதைப் படம் காட்டிக் கற்பிக்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். வகுப்பில் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்

நம் ஊரில் எந்த வெளிநாட்டு மொழியையும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் படிக்க வேண்டும் என்றொரு எண்ணம் இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலத்தில் அடிவாங்கிய பிள்ளை, உலகத்து மொழிகள் எல்லாமே தனக்குப் பூட்டிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறது. திரைப்படத்தின் பெரிய உபகாரம் இந்த இடத்தில்தான். திரையில் மேசை தெரிகிறது. நீங்கள் ‘மேசா’ என்கிறீர்கள். பிள்ளையின் மனம் ‘மேசை’ என்கிறது. நடுவில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

அது வெறும் ஒலி ஒற்றுமையும் இல்லை. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள்; அவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வீடு முழுக்கக் கிடக்கின்றன. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் உடன்பிறந்த மொழிகள். அதனால் பாண் அங்கே ‘பான்’, சப்பாத்து ‘சபாத்தோ’, அலமாரி ‘அர்மாரியோ’, துவாய் ‘தொஆயா’, உட்காரும் வாங்கு ‘பாங்க்கோ’, தவறணை ‘தபெர்னா’. தேயிலையில் இருக்கிற தே அங்கேயும் ‘தே’. கடல்வழியாகத் தேயிலை போன பல இடங்களுக்குச் சீனக் கரையோரத்து இந்தச் சொல்லும் கூடவே போயிருக்கிறது. லயத்துக் காம்பராவும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்ததுதான். ஸ்பானிஷில் அதன் உறவுச்சொல்லான ‘காமரா’ இன்று பெரும்பாலும் படம்பிடிக்கும் கருவியைக் குறிக்கிறது. இதை முதல் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அறிமுகமே இல்லாத மொழி என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏற்கெனவே பத்துச் சொல் தெரிந்திருக்கும். கதிரையில் மட்டும் கவனமாக இருங்கள். அதன் ஸ்பானிஷ் உறவான ‘கதேரா’வுக்கு அர்த்தம் இடுப்பு. “உங்கள் கதேராவில் உட்காரலாமா?” என்று விருந்தினரிடம் கேட்டுவிடக் கூடாது. கதிரைக்கு அவர்கள் சொல்வது ‘சியா’.

இலக்கணத்திலும் நமக்குச் சில வசதிகள் உண்டு. ‘போகிறேன்’ என்றால் ‘நான்’ சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் ‘வோய்’ என்ற ஒற்றைச் சொல் போதும். ‘எனக்குத் தேநீர் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தா எல் தே’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது ‘மே துஎலே லா கபேசா’. இரண்டிலும் ‘மே’ நம் ‘எனக்கு’தான். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் இங்கே ‘நான்’ என்று தொடங்கித் தப்புச் செய்வார்கள். தமிழிலிருந்து நேரே வருகிறவர்கள் முதல் நாளே சரியாகச் சொல்வார்கள். நீ, நீங்கள் வேறுபாட்டுக்கு ‘தூ’, ‘உஸ்தேத்’ இருக்கின்றன. அதை நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். ஒரு மடிக்கணினி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, இரவல் புரொஜெக்டர் ஒன்று, தனி ஒலிபெருக்கி ஒன்று. பத்துப்பேருக்குக் கீழே என்றால் புரொஜெக்டர்கூட வேண்டாம். கணினித் திரையைச் சுற்றி உட்காரலாம். புரொஜெக்டரை வைத்திருக்கிறவர்கள் அதைப் பெட்டியில் போட்டு அப்படியே வைத்துவிடாதீர்கள். நம் ஈரத்துக்கும் பனிமூட்டத்துக்கும் லென்சில் பூஞ்சை பிடித்துவிடும்.

படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டலாம் என்று நம்பாதீர்கள். சிக்னல் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்தவரை அந்தந்தச் செயலியே தரும் தரவிறக்க வசதியைப் பயன்படுத்தி முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கணினியில் கோப்பாக இருந்தால், படம் ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சி போதும். சதுர அடைப்புக்குறி விசைகள் படத்தின் வேகத்தைக் குறைக்கும், கூட்டும். சப்டைட்டில் பேச்சுக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். யூடியூப்பில் 0.75 வேகம் நமக்கு அளவானது, 0.5க்கு இறக்கினால் தவறணையிலிருந்து வருகிறவர் பேசுவதுபோல் இருக்கும்.

பிறகு மழை. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவம் வந்துவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. முதல் வருடம் ஜூன் மாதத்தில் நான் பாடம் நடத்தவில்லை, தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாம் வருடத்திலிருந்து மழைக்காலத்துக்கென்றே பேச்சில்லாத படங்களை ஒதுக்கிவைக்கிறேன்.

முதல் மாதம்: பேச்சில்லாத ஒரே ஒரு படம்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, முதல் நாளே முழுநீளப் படம் போடுவது. இரண்டு மணிநேரம் ஓடும்; பிள்ளைகள் இரசிப்பார்கள்; ஒரு சொல்கூட ஒட்டாது. ஏழு நிமிடப் படத்தை எடுத்து ஒரு மாதம் பிழியுங்கள்.

நான் எடுப்பது ‘எல் எம்ப்ளெயோ’ என்ற அர்ஜென்டினாக் குறும்படம். ‘வேலை’ என்று பொருள். சந்தியாகோ போ கிராசோ 2008இல் இயக்கிய அசைவூட்டப் படம்; ஒரு சொல் பேச்சு கிடையாது. ஒருவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான் கதை. ஆனால் அவருடைய வீட்டில் விளக்காக நிற்பது ஒரு மனிதர். மேசை மனிதர், கதிரை மனிதர். தெருவில் டாக்சியும் மனிதர்தான். முதுகில் ஏறிக்கொண்டு போகிறார். சமிக்ஞை விளக்கும் மனிதர்களே. கடைசியில் அலுவலகம் வந்ததும் அவர் என்ன வேலை செய்கிறார் என்பது தெரியும். அதை இங்கே சொல்லமாட்டேன். நீங்கள் கட்டாயம் வகுப்புக்கு முன்னால் மூன்று தடவை தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் படத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பானிஷ் கற்கிறவர்களை வாட்டியெடுப்பது ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் வழியாகப் போகிறவர்களுக்கு வருடக்கணக்கில் குழப்பம். நமக்கு ஒரு குறுக்குப்பாதை உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை. அந்த வெற்றிடத்தில் உட்காருவது ‘செர்’ என்பதன் ‘எஸ்’. ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்பதில் உள்ள ‘இருக்கிறார்’தான் ‘எஸ்தா’. இது எல்லா இடத்திலும் செல்லாது. ‘உயரமாக இருக்கிறார்’ என்பதற்கு ‘எஸ்’தான் வரும். ஆனால் ஏறத் தொடங்குவதற்கு நல்ல ஏணி. இந்தப் படத்தில் மனிதர் மேசையாக ‘எஸ்’. அந்த மேசை சமையலறையில் ‘எஸ்தா’. அந்த மனிதர் களைத்துப்போய் ‘எஸ்தா’. ஒரே சட்டகத்தில் மூன்று வாக்கியம்.

படத்தை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கும் இந்த முறை என் கண்டுபிடிப்பில்லை. 1980களில் அமெரிக்காவில் ஆஷ்லி ஹேஸ்டிங்ஸ் ‘மூவிடாக்’ என்ற பெயரில் இதை வகுத்தார். ஒலியைக் குறைத்துவிட்டு, திரையில் நடப்பதை ஆசிரியரே எளிய சொற்களில் சொல்லிக்கொண்டு போவதுதான் அதன் அடிப்படை. நான் செய்யும் விதம் இப்படி.

வகுப்புக்கு முன்: படத்திலிருந்து பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, நிமிடமும் வினாடியும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் முழுவதற்கும் பதினைந்து சொல் போதும். ஓம்ப்ரே (மனிதர்), மேசா, சியா, லாம்பரா, புஎர்த்தா (கதவு), காசா (வீடு), த்ரபாஹா (வேலை செய்கிறார்), வா (போகிறார்), கன்சாதோ (களைப்பு) என்று போகும் பட்டியல். பதினாறாவது சொல்லைச் சேர்க்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பு: முதல் இரண்டு நிமிடம் மட்டும். விளக்கு மனிதரிடம் நிறுத்துங்கள். “எஸ் உனா லாம்பரா?” என்று கேளுங்கள், ‘சீ’ அல்லது ‘நோ’ வரும். அடுத்து “எஸ் உனா லாம்பரா ஒ உனா மேசா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் “கே எஸ்?” என்ற திறந்த கேள்வி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் பயந்த பிள்ளையும் வாய் திறக்கும்.

எனக்கு மறக்காத நிமிடம் இந்த வகுப்பில்தான் வந்தது. மேசையாகக் குனிந்திருப்பவரைக் காட்டி, “கியென் எஸ்?” (யார் இவர்?) என்றேன். “மேசா” என்றார்கள். “கே எஸ்?” (என்ன இது?) என்றேன். மறுபடியும் “மேசா”. பின்வரிசையில் இருந்த வண்டிக்காரத் தம்பி கையைத் தூக்கினார். “மிஸ், நீங்கள் ஆளைக் கேட்கிறீர்களா, மேசையைக் கேட்கிறீர்களா?” மண்டபம் அமைதியாகிவிட்டது. யார் என்பதும் என்ன என்பதும் எங்கே பிரிகின்றன என்று நான் ஒரு மணிநேரம் விளக்கியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது. அன்றைக்கு உயர்திணை, அஃறிணை என்று தமிழிலக்கணத்துக்குள் போய்விட்டோம். மேசைக்குப் பெண்பால் எதற்கு என்ற கேள்வியும் அதற்குள்ளேயே வந்தது. ஸ்பானிஷில் மேசை பெண், விருப்பு வெறுப்பில்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். சொற்களை இரண்டு நிற அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். விளக்கம் கொடுக்கப் போனால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாம் வகுப்பு: தெருக் காட்சிகள். “அதோந்தே வா?” (எங்கே போகிறார்?) என்பதே நடுக்கேள்வி. இங்கே ‘த்ரபாஹா தே’ என்ற தொடரைக் கொடுங்கள். ‘த்ரபாஹா தே மேசா’ என்றால் மேசையாக வேலை செய்கிறார். நம் ‘ஆக’ உருபு எங்கே வருகிறதோ அங்கே ‘தே’. பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லட்டும்.

மூன்றாம் வகுப்பு: முடிவு வரை. கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது நிறுத்திவிடாதீர்கள். விளக்காக நின்றவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. இந்தப் படம் முடிந்ததும் பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஐந்து நிமிடம் தமிழில் பேச விடுங்கள். ஸ்பானிஷ் வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். பேசி முடித்ததும் ஒரு பெண், தாத்தாவுக்கு என்ன சொல் என்று கேட்டாள். ‘அபுஎலோ’ என்றேன். “மி அபுஎலோ எஸ்தா கன்சாதோ” என்றாள். என் தாத்தா களைத்துப்போயிருக்கிறார். நான் கற்றுக்கொடுக்காத வாக்கியம். ‘எஸ்தா’வும் சரியாக விழுந்திருந்தது.

நான்காம் வகுப்பு: நீங்கள் பேசாதீர்கள். படத்தை ஒலியில்லாமல் ஓட்டி, ஆளுக்கு அரை நிமிடம் அவர்களே கதை சொல்லட்டும். தவறைத் திருத்த நடுவில் நிறுத்த வேண்டாம். முடிந்த பிறகு எல்லோருக்கும் பொதுவான மூன்று தவறுகளை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

வாயும் எழுத்தும்

தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இலகுவாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். ‘வாய்’ என்பதற்கான சொல்லை ‘போகா’ என்று எழுதிப்போட்டேன். தமிழ் வழக்கப்படி நடுவில் வரும் ககரத்தை மெலித்துப் படித்தார்கள். அப்படிப் படித்தால் ஸ்பானிஷில் துடுப்பு வலிக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். ‘போக்கா’ என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்க வேண்டும். அதைவிட நல்லது, இரண்டாம் வாரத்திலிருந்து ஸ்பானிஷ் எழுத்தையே காட்டுவது. ஸ்பானிஷ்காரர்கள் எழுதுவதுபோலத்தான் பெரும்பாலும் படிப்பார்கள், ஆங்கிலத்தைப்போல் ஏமாற்றமாட்டார்கள்.

நம் நாக்குக்குச் சாதகமான விடயங்களும் உண்டு. அவர்களுடைய ‘த’ நம் ‘த’வேதான், பல்லில் நாக்குத் தொடும். ஆங்கிலம் படித்த பிள்ளைதான் அதை ‘ட’ ஆக்கும். ‘தொமாத்தே’யை ‘டொமாடே’ என்று சொல்கிறவரைத் தமிழுக்குத் திருப்பினால் போதும். உயிர்களுக்கு நடுவில் வரும் மெல்லிய ‘த’, நம் ‘அது’வில் இருப்பதற்கு நெருக்கமானது. ‘நிஞோ’வில் (சிறுவன்) நம் ஞகரம் அப்படியே இருக்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில். எழுத்தில் வகரமாக இருப்பதையும் அவர்கள் உதடு சேர்த்துப் பகரம்போல் சொல்வார்கள். நான் மேலே ‘வா’ என்று எழுதியது காதில் ‘பா’ என்றே விழும். அடுத்தது உருட்டும் ரகரம். ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். இதற்குப் படத்தைவிடக் கண்ணாடிதான் நல்ல ஆசிரியர்.

பேச்சுள்ள படங்களுக்கு இறங்கும்போது

இரண்டாம் மாதம் ‘போகோயோ’. ஸ்பெயினில் தயாரான குழந்தைகளுக்கான அசைவூட்டத் தொடர். ஒவ்வொரு கதையும் ஏழு நிமிடத்துக்குள். கதை சொல்பவர் நிதானமாகப் பேசுவார், குழந்தையிடம் கேள்வி கேட்பார். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்கினேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மூன்றாம் மாதத்திலிருந்து ‘டெஸ்தினோஸ்’. 1992இல் ஸ்பானிஷ் கற்பிப்பதற்கென்றே எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர். அரை மணிநேரம் வீதம் 52 பகுதிகள். ராக்கெல் என்ற வழக்கறிஞர் ஒரு குடும்ப இரகசியத்தைத் தேடி ஸ்பெயின், அர்ஜென்டினா, புவேர்த்தோ ரிக்கோ, மெக்சிகோ என்று அலைவார். நான்கு நாட்டு உச்சரிப்பும் காதுக்குப் பழகிவிடும். உடைகளையும் தலைமுடியையும் பார்த்து முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். பிறகு கதைக்குள் விழுந்துவிடுவார்கள், நம் வீட்டு மெகா தொடர்போல. குடும்ப உறவு கற்பிக்க இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஒரு சண்டைக்குத் தயாராக இருங்கள்: மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அங்கே ‘தியோ’ என்ற ஒரே சொல். அண்ணனும் தம்பியும் ‘எர்மானோ’தான். இப்படியும் ஒரு குடும்பம் நடத்துவார்களா என்று என் வகுப்பில் ஒரு அக்கா உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சப்டைட்டில் விடயத்தில் என் விதி கண்டிப்பானது. ஆங்கிலச் சப்டைட்டில் கூடவே கூடாது. முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல், இரண்டாம் தடவை ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு, மூன்றாம் தடவை மறுபடியும் இல்லாமல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேறு மொழிப் படத்துக்கு ஸ்பானிஷில் குரல்கொடுத்திருந்தால், பேசுவது ஒன்றும் எழுதியிருப்பது ஒன்றுமாக இருக்கும். குரலுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1941இல் வெளிநாட்டுப் படங்கள் எல்லாம் ஸ்பானிஷில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டது. குரல்கொடுக்கும் பழக்கம் ஸ்பெயினில் இன்றுவரை ஆழமாக இருக்கிறது. ஆகவே ஸ்பானிஷிலேயே எடுக்கப்பட்ட படங்களை மட்டும் எடுங்கள். செவிப்புலன் குறைந்தோருக்கான சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு மிக நெருக்கமாக எழுதுவது அதுதான்.

ஸ்பானிஷ் படத்துக்கே இந்த வம்பு வந்ததுண்டு. இயக்குநர் அல்ஃபொன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018) மெக்சிகோ பேச்சில் எடுக்கப்பட்டது. ஸ்பெயினில் நெட்பிளிக்ஸ் அதற்கு ஸ்பெயின் பாணியில் சப்டைட்டில் போட்டது. மெக்சிகோ பிள்ளைகள் தின்னும் ‘கன்சீத்தோ’ என்ற கேக், எழுத்தில் ‘கன்சீத்தோ’ இல்லாமல் ஸ்பெயின் நொறுக்குத்தீனியான ‘கன்ச்சீத்தோ’ ஆகிவிட்டது. குவாரோன் கொதித்துப்போய்க் கண்டிக்க, 2019 ஜனவரியில் அந்தச் சப்டைட்டிலை நீக்கினார்கள். யாழ்ப்பாணத்தார் பேசும் படத்துக்கு மதுரைத் தமிழில் சப்டைட்டில் போட்டால் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். வகுப்புக்கு உடனே புரியும்.

முழுநீளப் படம், கவனம்

‘ரோமா’ நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான படம். ஊரைவிட்டு நகரத்து வீட்டுக்கு வேலைக்குப் போன பெண்ணின் கதை. நம் லயங்களில் அக்காவோ அத்தையோ கொழும்புக்கு அப்படிப் போகாத குடும்பம் குறைவு. ஆனால் முழுப்படத்தையும் போடாதீர்கள். ஒரு காட்சியில் ஒருவர் உடம்பில் துணியில்லாமல் கம்பு சுற்றுவார். பிரசவக் காட்சி ஒன்று பெரியவர்களையே கலங்கடிக்கும். துணி துவைக்கும் மொட்டைமாடிக் காட்சிபோல மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாக எடுங்கள். யார் யாரை ‘தூ’ என்கிறார்கள், யார் ‘உஸ்தேத்’ என்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே பார்க்காமல் படம் போட்ட பாவத்தை நானும் செய்திருக்கிறேன். வேறொரு ஸ்பானிஷ் படம், பெயர் வேண்டாம். பாதியில் படுக்கையறைக் காட்சி வந்துவிட்டது. பின்வரிசையில், பேத்தியைக் கூட்டிப்போக வந்த கோயில் தலைவர் ஐயா உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ப் புரொஜெக்டர் லென்சைக் கையால் மறைத்தேன். படம் மறைந்தது, ஒலி மறையவில்லை. நிறுத்தும் விசை கைக்கு அகப்படும்வரை மண்டபமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பேத்தி வரவில்லை. நான் வீட்டுக்குப் போய், “ஐயா, பிழை என்னுடையது” என்று சொன்ன பிறகுதான் வந்தாள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. டிக்கெட் அடித்து ஊருக்குப் படம் ஓட்டுவது அதற்குள் அடங்காது.

பரீட்சை எழுத விரும்புகிறவர்களுக்கு, ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தெஸ் நடத்தும் ‘டெலே’ என்ற ஸ்பானிஷ் தேர்வு இருக்கிறது. அதன் ஏ2 என்ற தொடக்க நிலை வாய்மொழித் தேர்வில் ஒரு புகைப்படத்தைப் பார்த்து விவரிக்கச் சொல்வார்கள். சட்டகத்தை நிறுத்திப் பேசிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நாமே படம் எடுப்பது

ஐந்தாம் மாதத்தில் கையடக்கத் தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடப் படம். பின்னணியில் அவர்களுடைய குரலில் ஸ்பானிஷ். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுவது, உருட்டுவது, நொதிக்கவைப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்ற வரிசையை எடுக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். கிடைக்காவிட்டால் வெளியே நின்று சொன்னாலும் பாடம் பாடம்தான்.

கொழுந்து பறிக்கிறவர்களைப் படமெடுக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பதை முதல் விதியாக வையுங்கள். “புஎதோ சகார் உனா ஃபோத்தோ?” என்றால், ஒரு படம் எடுக்கலாமா? இதைப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் பயன்படுத்துவார்கள். நல்லதண்ணித் தம்பி ஒருவர், வண்டியை நிறுத்தச் சொல்லித் தேயிலை மலைக்குள் இறங்கிய விருந்தினர்களிடம், அம்மாமாரிடம் முதலில் இதைக் கேளுங்கள் என்று ஸ்பானிஷிலேயே சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்டார்களாம். ஒரு அம்மா வேண்டாம் என்றாராம். அவர்களும் காமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்களாம்.

எங்கள் வகுப்பில் நன்றாக வந்த படம் ரொட்டி சுடுவது. மாவு ‘அரினா’, தேங்காய் ‘கோக்கோ’, உப்பு ‘சால்’, தண்ணீர் ‘ஆக்வா’; நான்கே பொருள், ஆறே வினை. மகள் படம்பிடிக்க, அம்மா மாவைப் பிசைகிறார். இடையில் நிமிர்ந்து, “என்னடி முணுமுணுக்கிறாய்?” என்று தமிழில் கேட்கிறார். அதை வெட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

இப்படி எடுக்கிற படங்களைப் பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அடுத்த ஜனவரியில் புதிதாக வருகிறவர்களுக்கு ‘எல் எம்ப்ளெயோ’வுக்கும் முன்னால் இந்த ரொட்டிப் படத்தைத்தான் போடப்போகிறேன். அம்மாவிடம் கேட்டாகிவிட்டது. சேலை நல்லதாகக் கட்டிக்கொண்டு மறுபடி எடுக்கலாமே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.